ஒரு போத்தலுக்கும் குறைவான எண்ணெய்

மோட்டார் வண்டியைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி உண்டென்று வாசகர்களுட் சிலர் கேட்கக்கூடும். நான் மெக்கானிக் அல்லன். முப்பது ஆண்டுகள் பாடசாலையிற் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். பழைய மொறிஸ் மைனர் ஒன்றை நெடுங்காலம் வைத்திருந்து, அதன் அடியிற் படுத்துப் பல ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தவன். இவ்விரண்டையும் தவிர வேறு தகுதி கிடையாது. ஆயினும், சென்ற ஆண்டில் எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் பௌதிகம் படிக்கும் பிள்ளைகளுக்கும், கார் வைத்திருக்கும் பெரியோர்க்கும் பயன்படுமென்று தோன்றுவதால், அதனை இவ்வாரம் சொல்லத் துணிகின்றேன்.

இங்கிலாந்தில் வசிக்கும் என் தமக்கையின் மகனுக்குச் சிறுவயது முதலே ஓர் ஆசை. இருவர் மட்டும் அமரக்கூடியதும், கூரையை மடித்துவிட்டு வெயிலிலும் காற்றிலும் ஓட்டக்கூடியதுமான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று தனக்கென வேண்டும் என்பதே அது. வேலைக்குப் போய், கடனடைத்து, கலியாணமும் முடித்த பின்னர், இரண்டு ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய காரை வாங்கினான். யப்பானின் மஸ்டா நிறுவனம் 1989-ம் ஆண்டு பெப்ரவரியில் சிக்காகோ மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டிய எம்.எக்ஸ். 5 என்னும் கார் அது. ஆயிரம் கிலோகிராமுக்கும் குறைந்த எடை. முன்னே இயந்திரம், பின்சில்லுகளுக்கு இழுவை. பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்களின் இலக்கணத்தை யப்பானியர் கற்றுத் தேர்ந்து செய்த வண்டி எனலாம். 2016-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இதன் பத்து இலட்சமாவது கார் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது.

அவன் வாங்கியது 1991-ம் ஆண்டில் செய்யப்பட்டது, 1.6 லீற்றர் இயந்திரம் உடையது. யப்பானில் ‘யூனோஸ் ரோட்ஸ்டர்’ என்ற பெயரில் விற்கப்பட்டு, அங்கே சில கைகள் மாறி, பின்னர் கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்த வண்டி. இந்தச் செய்தியை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளை நல்ல கவனமுடையவன். பழைய வண்டியை வாங்கினால் முதலில் அதன் எண்ணெய்களையெல்லாம் மாற்றிவிட வேண்டுமென்று நான் முன்னொருநாள் சொன்னதை நினைவில் வைத்து, ஒரு சனிக்கிழமை முழுவதும் அதில் ஈடுபட்டிருக்கிறான். இயந்திரத்தின் எண்ணெய் முடிந்தது; கியர்ப் பெட்டி முடிந்தது; கடைசியாகப் பின் அச்சின் நடுவே உள்ள டிபரென்சியல். எம்.எக்ஸ். 5 காரின் ஆங்கிலக் கைந்நூல் என்ன சொல்லியதோ அதையே வாங்கி, சொன்ன அளவுக்கே ஊற்றினான். அந்த அளவு 0.65 லீற்றர். நம்மூர்க் கணக்கிற் சொன்னால் ஒரு போத்தலுக்கும் குறைவு.

மறுநாட் காலை காரை வெளியே எடுத்துத் தெருமுனையில் மெதுவாகத் திருப்பியபோது, பின்னாலிருந்து ‘கடகட’ என்று ஒரு நடுக்கம். நேரே போனால் ஒன்றுமில்லை. வேகமாகப் போனாலும் ஒன்றுமில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் மெதுவாக வளைக்கும்போது மட்டும், யாரோ பின் அச்சைப் பிடித்துப் பிடித்து விடுவது போன்ற உலுக்கல். அயலிலுள்ள ஒரு கராஜுக்குக் கொண்டு போனான். அவர்கள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, டிபரென்சியல் பழுதாகிவிட்டது, முழுவதையும் கழற்றி வேறொன்று பூட்ட வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை அவனுடைய இரண்டு மாதச் சம்பளம்.

அன்றிரவு தொலைபேசியில் அவன் குரல் உடைந்திருந்தது. “புத்தகத்தில் உள்ளபடிதான் மாமா ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூடப் பிழையில்லை. நான் கை வைக்கும் வரைக்கும் நன்றாக ஓடிய கார்” என்றான்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு உறக்கம் தரவில்லை. கவனக் குறைவினாற் கெட்டதென்றால் மனம் ஆறிவிடும். கவனத்தினாலேயே ஒன்று கெட்டுப்போகுமா? 

இதற்கு விடை காண்பதற்கு முன், டிபரென்சியல் என்பது யாது என்று இளம் வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். இன்று அருகிவிட்ட மாட்டுவண்டியை எண்ணிப் பாருங்கள். அதன் அச்சு சுழல்வதில்லை. இரண்டு சில்லுகளும் அச்சின் இரு முனைகளிலும் தத்தம் போக்கிற் சுழல்கின்றன. வண்டி வளையும்போது வெளிச்சில்லு கூடுதலாக ஓடும், உட்சில்லு குறைவாக ஓடும், ஒன்றுக்கொன்று தடையில்லை. எவ்வளவு கூடுதல் என்பதை மாணவர்கள் தாங்களே கணக்கிடலாம். என் மருமகனின் காரிற் பின்சில்லுகளுக்கு இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 1.42 மீற்றர். வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால், வெளிச்சில்லு உட்சில்லைவிட ஏறக்குறைய 9 மீற்றர் அதிகம் ஓடும். வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் இந்த 9 மீற்றர் மாறாது. ஏன் மாறாது என்பதை வட்டத்தின் சுற்றளவுச் சூத்திரத்தை எழுதிப் பார்த்தால் இரண்டு வரியிற் காணலாம்.

மாட்டுவண்டியை மாடு இழுக்கிறது. ஆகவே சில்லுகளுக்கு இத்தொல்லை இல்லை. மோட்டார் வண்டியிலோ இயந்திரம் சில்லுகளைச் சுழற்ற வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் வளைவில் ஒரு சில்லு தரையில் உராய்ந்து இழுபடும். இரண்டையும் சுழற்றவும் வேண்டும், இரண்டுக்கும் வெவ்வேறு வேகமும் வேண்டும். இந்த முரண்பாட்டைச் சில சிறு பற்சில்லுகளாற் தீர்த்தவர் ஒனெசிபோர் பெக்கர் என்னும் பிரெஞ்சுக்காரர். கடிகாரத் தொழில் பயின்ற அவர் 1820-களின் இறுதியில் நீராவி வண்டி ஒன்றுக்காக இதனைச் செய்தார். பெற்றோல் காருக்கு அது பிறக்குமுன்பே டிபரென்சியல் காத்திருந்தது.

இனி எண்ணெய்க்கு வருவோம்.

இயந்திரத்திலிருந்து வரும் தண்டு காரின் நீளவாக்கிற் சுழல்கிறது. சில்லின் அச்சோ குறுக்குவாக்கில் உள்ளது. ஆகவே பின் அச்சின் நடுவே ஒரு சிறு பற்சில்லு, பெரிய வளையப் பற்சில்லு ஒன்றைச் செங்கோணத்தில் சுழற்ற வேண்டும். முற்காலத்தில் சிறு பற்சில்லின் மையக்கோடு பெரியதன் மையத்துக்கு நேரே அமைந்திருந்தது. பற்கள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு சென்றன. சாதாரணத் தடித்த எண்ணெயே போதுமாயிருந்தது. 1920-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் கிளீசன் நிறுவனத்தார் சிறு பற்சில்லை மையத்துக்குக் கீழே தாழ்த்தி அமைக்கும் ‘ஹைபோயிட்’ முறையை உருவாக்க, பக்கார்ட் கார்கள் அதனை முதலில் ஏற்றன. தண்டு தாழ்ந்தது, அதனால் காரின் தளமும் தாழ்ந்தது, பற்களின் சத்தமும் குறைந்தது. ஆனால் இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. இப்பற்கள் உருள்வதோடு நில்லாமல், சாணைக்கல்லிற் கத்தி இழைவதுபோலப் பெரும் அழுத்தத்தின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன. அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் பிதுங்கி ஓடிவிடும். உலோகமும் உலோகமும் தொட்டு, அக்கணமே ஒட்டி, அடுத்த கணம் கிழியும்.

இதற்கு வேதியியலார் கண்ட மருந்து கந்தகமும் பொசுபரசும். இவற்றின் சேர்மங்களை எண்ணெயிற் கலந்தால், பற்கள் உரசிச் சூடேறும் அந்த ஊசிமுனை இடத்தில் மட்டும் அவை உருக்கோடு வினைபுரிந்து ஒரு மெல்லிய தோலை உண்டாக்கும். உருக்குக் கிழிவதற்குப் பதிலாக அத்தோல் உரிந்து போகும், மறுபடி உண்டாகும். கியர் எண்ணெயைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் இக்கந்தகத்தினுடையதே. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் வகைப்பாட்டில் ஜீ.எல். 4, ஜீ.எல். 5 என்று டப்பாக்களில் அச்சிட்டிருப்பதை வாசகர்கள் கண்டிருக்கலாம். ஜீ.எல். 5-ல் இம்மருந்து ஜீ.எல். 4-ஐப் போல ஏறக்குறைய இருமடங்கு. ஹைபோயிட் பற்சில்லுகளுக்கு வேண்டியது ஜீ.எல். 5. அதற்காக எங்கும் அதனையே ஊற்றிவிடலாம் என்று எண்ணலாகாது. பல பழைய கியர்ப் பெட்டிகளில் பித்தளை வளையங்கள் உண்டு. சில வகைக் கந்தகச் சேர்மங்கள் சூட்டில் செம்பு கலந்த உலோகங்களை அரிக்கும். என் மொறிஸ் மைனரில் இயந்திரத்துக்கும் கியர்ப் பெட்டிக்கும் ஒரே இயந்திர எண்ணெய். பின் அச்சுக்கு மட்டும் தனியாக ஹைபோயிட் எண்ணெய். ஒருமுறை அவசரத்தில் இரண்டு டப்பாக்களையும் மாற்றித் தூக்கிவிட்டு, மூக்கினாலே பிழைத்தேன்.

பிள்ளை ஊற்றியது ஜீ.எல். 5 தான். அதில் பிழையில்லை. அப்படியாயின் தடிப்பிற் பிழையோ? அவனுடைய நண்பர் ஒருவர், “பழைய டிபரென்சியல்தானே, 140 ஊற்று, சத்தம் அடங்கிவிடும்” என்று யோசனை கூறினாராம். தடித்த எண்ணெய் எல்லாக் குறையையும் மறைக்குமென்ற இந்த நம்பிக்கை இங்கிலாந்தில் மட்டுமன்று, நம் கராஜுகளிலும் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. எண்ணெயின் பாகுத்தன்மைக்கு எஸ்.ஏ.ஈ. என்னும் பொறியியலார் சங்கம் இலக்கங்கள் வகுத்திருக்கிறது. 100 பாகை சென்டிகிரேட்டில், அதற்குரிய அலகில், கியர் எண்ணெய் 90-ன் அளவு 13.5 முதல் 18.5 வரை, 140-ன் அளவு 24 முதல் 32.5 வரை. ஏறத்தாழ இருமடங்கு. அவ்வளவு தடித்த எண்ணெயைப் பற்சில்லுகள் கடைந்துகொண்டே இருக்க வேண்டும். கடைவதற்குச் செலவாகும் சக்தி சூடாக மாறும். குளிர்காலக் காலையிலோ அது பற்களின் இடுக்குகளுக்குட் போய்ச் சேரவே தாமதிக்கும். அந்தக் காரின் கைந்நூல் -18 பாகைக்கு மேல் 90 என்றும், அதற்குக் கீழே 80 டபிள்யூ என்றும் வரையறுத்திருக்கிறது. நுவரெலியாவின் உறைபனியைக் கண்டே வியக்கும் நமக்கு இரண்டாவது இலக்கம் ஒருநாளும் தேவைப்படாது.

இடையில் ஒன்று. கியர் எண்ணெயின் 90 என்னும் இலக்கத்தைக் கண்டு, அது இயந்திர எண்ணெய் 40-ஐவிட இருமடங்கு தடித்தது என்று பலர் மயங்குகின்றனர். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். கியர் எண்ணெய் 90 என்பது இயந்திர எண்ணெய் 40, 50 ஆகியவற்றின் தடிப்பை ஒத்ததே.

ஆக, வகையும் சரி, தடிப்பும் சரி, அளவும் சரி. பின்னர் எது பிழை?

டிபரென்சியலுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. இரண்டு சில்லுகளுக்கும் அது சம முறுக்கத்தையே பங்கிடும். ஒரு சில்லு சேற்றிலோ பனியிலோ பிடிப்பிழந்தால், அச்சில்லுக்கு எவ்வளவு சிறிய முறுக்கம் போதுமோ அவ்வளவே மற்றதற்கும் கிடைக்கும். ஒன்று வீணாகச் சுழல, மற்றது சும்மா நிற்கும். வேகமாக வளையும் ஸ்போர்ட்ஸ் காரில், உட்பக்கச் சில்லின் மேலுள்ள பாரம் குறையும்போதும் இதுவே நிகழும். 1930-களில் ஜேர்மனியில் பெர்டினண்ட் போர்ஷே வடிவமைத்த ஒட்டோ யூனியன் பந்தயக் கார்களில் இது பெரும் இடராயிற்று. பதினாறு சிலிண்டர் இயந்திரத்தின் வலிமையெல்லாம் உட்சில்லின் ரப்பரைப் புகையாக்குவதிற் கழிந்தது. இசட்.எப். என்னும் பற்சில்லு நிறுவனம் 1935-ம் ஆண்டளவில் அதற்குப் பரிகாரம் கண்டது. டிபரென்சியலுக்கு ஒரு கடிவாளம் போட்டு, இரு சில்லுகளின் வேகம் மிகையாக வேறுபடாமல் தடுத்ததே அப்பரிகாரம். அமெரிக்காவில் பக்கார்ட் நிறுவனம் 1956-ல் இத்தகைய அமைப்பைப் பொதுமக்களின் காரில் விற்பனைக்கு வைத்தது.

இக்கடிவாளத்தில் பல சாதிகள் உண்டு. ஒன்று, கிளச்சைப் போலத் தட்டுகளை அடுக்கி, உராய்வினாற் பிடிப்பது. இன்னொன்று, தனியே மூடி முத்திரையிட்ட பெட்டிக்குள் சிலிக்கோன் திரவத்தை வைத்து, அதன் இழுவையினாற் பிடிப்பது. மூன்றாவது, வேர்னன் கிளீஸ்மன் என்னும் அமெரிக்கர் கண்டு 1958-ல் காப்புரிமை பெற்ற பற்சில்லு அமைப்பு. ‘டோர்சன்’ என்பது அதன் பெயர். எம்.எக்ஸ். 5-ன் வரலாற்றைப் பார்த்தால், கடிவாளமே இல்லாதவையும் உண்டு, ஆரம்ப 1.6 லீற்றர் வண்டிகளுட் சிலவற்றில் சிலிக்கோன் வகை, 1.8 லீற்றர் இயந்திரம் வந்தபின் டோர்சன். இன்னும் பின்னே வந்தவற்றில் கூம்பு வடிவ உராய்வு வகை. ஒரே பெயருடைய காரில் நான்கு விதமான உள்ளமைப்பு! காரின் பெயரைச் சொல்லிக் கடையில் எண்ணெய் கேட்பவர் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

சிலிக்கோன் வகைக்கும் டோர்சனுக்கும் வழக்கமான ஜீ.எல். 5 போதுமானது. தட்டு வகைக்கு மட்டும் அது போதாது. ஏனென்று சொல்கிறேன்.

வயலின் வாசிப்பவர் வில்லின் மயிர்களுக்குக் குங்கிலியம் பூசுவதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். பூசாத வில் தந்தியின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும், ஒலி பிறக்காது. பூசிய வில்லோ தந்தியைப் பற்றி இழுத்து, பற்று விட்டு, மீண்டும் பற்றுகிறது. நிலையாய் இருக்கும்போதுள்ள உராய்வு, வழுக்கும்போதுள்ள உராய்வைவிட மிக அதிகமாயிருப்பதே இதற்குக் காரணம். ஒரு வினாடியில் நூற்றுக்கணக்கான முறை நடைபெறும் இப்பற்றலும் விடலுமே நாம் கேட்கும் நாதம். டிபரென்சியலின் தட்டுகளுக்கு இதே நிலை வந்தால் அது நாதமாகாது. காரை உலுக்கும் நடுக்கமாகும். வேகமாக ஓடும்போது தட்டுகள் தொடர்ந்து வழுக்கிவிடும். மெதுவாக, இறுக்கமாக வளையும்போதே அவை பற்றிப் பற்றி விடும். பிள்ளை சொன்ன அடையாளமும் அதுவேயன்றோ?

இந்தப் பற்றலைத் தணிக்கத் தட்டு வகை டிபரென்சியலுக்குரிய எண்ணெயில் உராய்வுத் திருத்தி என்னும் ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். நீண்ட மூலக்கூறுகள், ஒரு முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ள, மறுமுனை பட்டுத்துணியின் மயிரைப்போல வெளியே நிற்கும். தட்டுகள் பற்றும், ஆனால் வெடுக்கென்று பற்றா.

இப்பொருளுக்கு ஒரு துயரமான வரலாறும் உண்டு. ஒரு காலத்தில் கியர் எண்ணெய்களிலும் தானியங்கிக் கியர்ப் பெட்டிகளின் எண்ணெயிலும் இவ்வேலையைச் செய்தது எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பு. திருகோணமலைக் கடலிலும் நீந்தும் அந்தப் பெரும் விலங்கின் தலையிலும் உடலிலும் உள்ள திரவ மெழுகுக்கு, கந்தகம் ஏற்றியபின் நிகரானது வேறில்லை என்று பொறியியலார் எண்ணியிருந்தனர். 1970-ம் ஆண்டில் அமெரிக்கா அத்திமிங்கிலத்தை அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பட்டியலிற் சேர்த்து, அதன் எண்ணெய் நாட்டுக்குள் வருவதையும் நிறுத்தியபோது, உற்பத்தியாளர் திகைத்தனர். பாலைவனத்துச் செடியாகிய ஹோஹோபாவின் விதையிலும் இதனையொத்த திரவ மெழுகு இருப்பது அப்போது பலரின் கண்ணுக்குப் பட்டது. ஆய்வுகூடங்களிலும் மாற்றுப் பொருள்கள் பிறந்தன. கார்கள் நின்றுவிடவில்லை. திமிங்கிலம் இன்றித் தீராது என்று அத்தனை காலமும் நம்பியிருந்தது வீண் நம்பிக்கையே.

என் மருமகனிடம் திரும்புவோம். அவன் காரில் தட்டு வகை இருக்க நியாயமில்லை என்பதே கைந்நூலின் சாட்சி. ஆனால் கைந்நூல், தொழிற்சாலையை விட்டு வெளியேறிய காரைப் பற்றிப் பேசுகிறது. யப்பானிற் பல ஆண்டுகள் ஓடிய காரைப் பற்றியன்று. “கழற்றிய பழைய எண்ணெய் எங்கே, தம்பி?” என்று கேட்டேன். நல்லவேளையாக அதனை ஒரு கொள்கலனில் வைத்திருந்தான். கறுத்துச் சாம்பல் நிறம் பாய்ந்திருந்தது என்றான். உருக்குச் சிம்புகள் உண்டா என்றேன். இல்லை, விரலிற் தேய்த்தால் மைபோல நுண்ணிய பொடிதான் என்றான். பற்கள் உடைந்திருந்தால் சிம்பு கிடைக்கும். தட்டுகள் தேய்ந்த எண்ணெய்தான் இப்படிக் கறுத்து வரும்.

ஐயத்தைத் தெளிய ஒரு சோதனை சொன்னேன். இதனைச் செய்ய விரும்புவோர் கவனமாகச் செய்ய வேண்டும்: முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்சில்லுகள் இரண்டையும் ஒருங்கே உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் இருத்தி, கியரை விடுவித்து, கைப்பிரேக்கையும் விடுவிக்க வேண்டும். இயந்திரத்தை இயக்கலாகாது. கடிவாளமுள்ள டிபரென்சியலில் ஒரு சில்லு மட்டும் தரையில் இருக்கும்போது இயந்திரத்தை இயக்கினால், கார் ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும். பின்பு ஒரு சில்லைக் கையாற் சுழற்றினால், சாதாரண டிபரென்சியலில் மற்றச் சில்லு எதிர்த்திசையிற் சுழலும். டோர்சனிலும் அப்படியே. தட்டு வகையில் இரண்டும் ஒரே திசையிற் சுழலும்.

அவன் காரில் ஒரே திசையிற் சுழன்றன. சிலிக்கோன் வகையும் அப்படிச் சுழலக்கூடுமாகையால், இரண்டாவது சோதனையையும் செய்வித்தேன். அவன் மனைவி ஒரு சில்லை அசையாமற் பிடித்துக்கொள்ள, மற்றதை அவன் திருப்ப வேண்டும். சிலிக்கோன் வகையானால் தேன்பாகிற் கரண்டியைத் திருப்புவதுபோல மெல்ல மெல்ல இடங்கொடுக்கும். இங்கோ முதலில் அசையவே இல்லை; பலத்தையெல்லாம் கொடுத்தபோது வெடுக்கென்று விட்டது. “கையைப் பறித்துவிட்டது மாமா” என்று இருவரும் சிரிப்பது கேட்டது. மூன்று நாட்களின் பின் அவ்வீட்டில் கேட்ட முதற் சிரிப்பு.

முந்திய சொந்தக்காரர் யாரோ, பந்தய ஆசையில், தட்டு வகை டிபரென்சியல் ஒன்றைப் பூட்டியிருக்கிறார். அதற்குரிய எண்ணெயையும் ஊற்றியிருக்கிறார். அந்த எண்ணெயை அகற்றிவிட்டு, கைந்நூலின்படி என் மருமகன் வேறொன்றை ஊற்றினான். கராஜார் ஒரு மூடியைத் திறந்தும் பாராமல் தீர்ப்புக் கூறினர்.

உராய்வுத் திருத்தி சிறிய போத்தலிற் தனியாகக் கிடைக்கிறது. முழுவதையும் ஒரேயடியாக ஊற்றாதே என்று தடுத்தேன். மிகுந்துவிட்டால் தட்டுகள் பற்றவேண்டிய நேரத்திலும் பற்றாமல் வழுக்கும். கடிவாளம் இருந்தும் இல்லாததாகும். தட்டு வகைக்கென்றே இப்பொருளைச் சேர்த்து விற்கும் ஜீ.எல். 5 எண்ணெய்கள் உண்டு; அதனை வாங்கி, ஒரு வாரத்துப் புது எண்ணெயை மறுபடி வடித்துவிடுவதே சுத்தமான வழி என்று முடிவு செய்தோம். நட்டம் 0.65 லீற்றர். வடிக்கும் துளையைத் திறப்பதற்கு முன்னர் நிரப்பும் துளையின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதையும் நினைவூட்டினேன். எண்ணெயை வடித்தபின் மேல்மூடி துருப்பிடித்துத் திறக்க மறுத்தால், அந்தக் கார் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். இது மொறிஸ் மைனரின் அடியிற் கிடந்து நான் கற்ற பாடம்.

எண்ணெயை ஊற்றியபின், வெறுமையான வண்டி நிறுத்துமிடம் ஒன்றில் எட்டு என்னும் ஆங்கில இலக்கத்தைப்போல மெதுவாகப் பலமுறை வளைத்து ஓட்டச் சொன்னேன். தட்டுகளின் இடையே எண்ணெய் ஊற வேண்டுமல்லவா? முதல் இரண்டு சுற்றில் நடுக்கம் இருந்ததாம். ஐந்தாம் சுற்றில் முனகலாகக் குறைந்ததாம். பத்தாவது சுற்றில் பக்கத்தில் இருந்த மனைவி, “இனிக் காணும், தலை சுற்றுகிறது” என்றாளாம்.

டிபரென்சியலின் பெட்டியைத் துடைத்து, உள்ளே இருப்பது தட்டு வகையென்றும், எந்த எண்ணெய் வேண்டுமென்றும், ஊற்றிய திகதியையும் வெள்ளை வர்ணத்தால் அதன்மேல் எழுதி, படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தான். படுத்துக்கொண்டு எழுதியதால் எழுத்துகள் கோணலாயிருக்கின்றன. அடுத்த கேள்வியும் அதனோடு வந்திருக்கிறது: அதே சனிக்கிழமை கியர்ப் பெட்டிக்கு ஊற்றிய எண்ணெய் சரியானதுதானா என்று. இம்முறை, ஊற்றியதை அப்படியே வைத்துக்கொண்டு, கழற்றியதன் நிறத்தை முதலில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.